தனியார் இராணுவ நிறுவனங்களும் மனித உரிமைச் சட்டமும்

தனியார் இராணுவ நிறுவனங்கள் அரசுகளோடும் பெருநிறுவனங்களோடும் ஒப்பந்தம் செய்துகொண்டு ஆயுதக் காவல், படைப்பயிற்சி, சில வேளைகளில் நேரடிப் போர் ஆகியவற்றை விற்கும் வணிக அமைப்புகள். கூலிப்படையினருக்கென்று எழுதப்பட்ட சட்டம் இவற்றைத் தொடாமல் நின்றுவிட்டது.

1960-களில் காங்கோவிலும் அடுத்து அங்கோலாவிலும் வெளிநாட்டுக் கூலிப்படைகள் செய்த அட்டூழியங்களே சட்டம் பிறக்கக் காரணம். 1976-இல் லுவாண்டாவில் 13 கூலிப்படையினர் விசாரிக்கப்பட்டு, 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறு ஆண்டே ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறையில் 47-ஆம் பிரிவு இடம்பெற்றது. ஆறு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தினால்தான் ஒருவர் கூலிப்படையினர் என்கிறது அது. அவற்றில் ஒன்று, அவர் போரிடுவதற்கென்றே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மற்றொன்று, போரிடும் நாடுகளின் குடிமகனாக இருக்கக் கூடாது. ஈராக்கில் காவல் பணிக்கு வந்த அமெரிக்கர் இந்த இரண்டிலேயே தப்பினர். கூலிப்படைகளுக்கு எதிரான ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டு உடன்படிக்கை 2001-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் அதில் சேரவில்லை.

இலங்கைத் தமிழருக்கு இவ்வகை நிறுவனம் புதிதன்று. பிரிட்டனின் கீனி மீனி சர்வீசஸ் 1984 முதல் இலங்கைக் காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி அளித்தது. அதன் ஆட்கள் மீதான போர்க்குற்றப் புகாரை லண்டன் காவல்துறை விசாரிப்பது 2020-இல்தான் வெளிவந்தது.

ஈராக்கில் ஆட்சியைக் கைமாற்றுவதற்கு முதல்நாள், 2004 ஜூன் 27 அன்று, அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் திருத்தி வெளியிட்ட 17-ஆம் ஆணை, ஒப்பந்தப் பணியில் செய்யும் செயல்களுக்கு ஈராக்கிய நீதிமன்றங்களிலிருந்து ஒப்பந்தக்காரர்களுக்கு விலக்கு அளித்தது. 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் காவலர்கள் வாகனங்கள் மீது சுட்டதில் 17 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவன் 9 வயதுச் சிறுவன். கொலை நடந்த மண்ணில் வழக்குத் தொடுக்க வழியில்லை. வாஷிங்டனில் நான்கு காவலர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாக 2014 ஆயிற்று. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வரையும் மன்னித்தார். இது இறந்தோர் குடும்பங்களுக்கு இழைக்கப்பட்ட இரண்டாம் அநீதி.

இடையில், சுவிட்சர்லாந்தும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவும் முன்னின்று 2008-இல் மாண்ட்ரோ ஆவணத்தைக் கொண்டுவந்தன. 17 நாடுகள் ஏற்ற அந்த ஆவணம், நிறுவனத்தை அமர்த்தும் நாடு, அது இயங்கும் நாடு, அதன் தாய்நாடு என மூன்றின் கடமைகளையும் தெளிவாக வகுத்தது. ஆனால் எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

ஈராக்கில் அமெரிக்கப் படை நடத்திய அபு கிரைப் சிறையில் வதைபட்ட மூன்று ஈராக்கியருக்கு, அங்கு விசாரணையாளர்களை அனுப்பிய அமெரிக்காவின் சிஏசிஐ நிறுவனம் 4.2 கோடி டாலர் தர வேண்டும் என்று அமெரிக்க நடுவர் குழு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. வழக்கு தொடுக்கப்பட்டது 2008-இல்.