மயிரிழைப் பூச்சு!

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தலையில் வால்வு கிடையாது. புகையை வெளியே தள்ளுவது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஜன்னல். மெக்கானிக் பாஷையில் 'போர்ட்'! அதைக் கொஞ்சம் உயர்த்தி, அகலப்படுத்தினால் வேகம் கூடும்.

இந்த வித்தையில் மன்னன், கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். கம்பெனியில் இருந்த வால்டர் காடென். போர்ட்டையும் சைலன்சர் குழாயையும் மாற்றி மாற்றிப் பார்த்து, 1961-ல் வெறும் 125 சிசியில் 25 குதிரை சக்தியைக் கறந்தார்! அதே வருஷம் அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பியோடி சுஸுகியில் சேர, ரகசியம் ஜப்பானுக்குப் போனது.

அந்தக் காலத்தில் சிலிண்டருக்குள் பெரும்பாலும் இரும்பு. கை தவறிக் கீறிவிட்டாலும் ரீபோர் செய்து சமாளிக்கலாம். ஆனால், இரும்பு சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாதே... 1967-ல் மேற்கு ஜெர்மனியின் மாலே கம்பெனி, வாங்கெல் இன்ஜினுக்காக 'நிக்கசில்' பூச்சைக் கொண்டுவந்தது. நிக்கலுக்குள் சிலிக்கன் கார்பைடு துகள்கள். பிற்பாடு டூ ஸ்ட்ரோக்கும் அதைச் சுவீகரித்துக்கொண்டது. அலுமினியத்தின் மேல் மயிரிழை கனம்தான். ஆனால், அரம் போட்டாலும் அசையாது!

வம்பு எங்கே? போர்ட்டின் ஓரத்தில். கிரைண்டரை சிலிண்டரின் உள்பக்கமிருந்து போர்ட்டுக்குள் போகிற திசையில்தான் ஓட்டணும். அப்போது பூச்சு அலுமினியத்தோடு அமுங்கி நிற்கும். எதிர்த் திசையில் இழுத்தால், தோசையை ஓரத்தில் கிளப்புகிற மாதிரி பெயர்ந்துவிடும். அதுவும் வைர முனையால், பொறுமையாக. கடைசியில் விளிம்பை மழுக்கணும். இல்லையென்றால் பிஸ்டன் ரிங் மாட்டி உடையும்.

பூச்சு பெயர்ந்தால் சாதாரண ரீபோர் உதவாது. மிச்சத்தையும் எடுத்துவிட்டு, புதுசாக முலாம் பூசவேண்டியதுதான்!