சொதி: ஒரு மறுவீட்டுக் குழம்பின் வரலாறு

குற்றாலச் சாரலைப் பற்றி எழுதிய தமிழ் எழுத்தாளர்கள் பலர். அச்சாரலில் நனைந்து வந்தவர்களுக்கு வீட்டில் என்ன பரிமாறினார்கள் என்று எழுதியவர்கள் சிலரே. தென்காசி, குற்றாலம் வட்டாரத்துச் சைவ வீடுகளில், திருமணத்தையொட்டிய மறுவீட்டு விருந்தில் இலைக்கு வரும் சொதியை முன்வைத்துச் சிலவற்றை நாம் யோசிக்கலாம்.

தேங்காயைத் துருவி அரைத்து மூன்று முறை பால் பிழிகிறார்கள். நீர்த்த மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கள் வேகின்றன. வெந்த பாசிப்பருப்பு சேர்கிறது. புளியும் இல்லை, மிளகாய் வற்றலும் இல்லை. காரத்துக்கு இஞ்சியும் பச்சைமிளகாயும்தான். கெட்டியான முதற்பாலைக் கடைசியில் விட வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகே. பக்கத்தில் இஞ்சிப் பச்சடி வைப்பது, தேங்காய்ப்பாலின் கனத்தைச் செரிக்க வைக்கும் வீட்டு மருத்துவம்.

இதனை நாம் பாரம்பரிய உணவு என்கிறோம். சட்டிக்குள் இருப்பவற்றின் ஊர்களைக் கேட்டால் வேறு கதை கிடைக்கிறது. உருளைக்கிழங்கு ஆண்டீஸ் மலையைச் சேர்ந்தது. பீன்சும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபோது இந்தியாவில் மிளகாயே கிடையாது. பின்னர் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய 15ஆம் நூற்றாண்டுப் பராக்கிரம பாண்டியன் மிளகின் காரத்தை அறிவான். மிளகாயின் காரத்தை அறிந்திருக்க வழியில்லை.

அண்டை அடுக்களைகளையும் பார்ப்போம். தென்காசிக்கு அருகிலுள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். மலைக்கு அப்பால் அதே தேங்காய்ப்பாலும் இஞ்சியும் பச்சைமிளகாயும் 'இஷ்டு' ஆகி ஆப்பத்தோடு சேர்கின்றன. பெயர் ஆங்கிலேயரின் 'ஸ்டூ'விலிருந்து வந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையில் சொதி என்ற பெயரே வழங்குகிறது. அங்கே அது மஞ்சள் சேர்த்த, நீர்த்த, அன்றாட இடியாப்பக் குழம்பு. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையேதான் கப்பல் விட்டது என்பதை நினைத்தால், இவ்விரு கரைகளும் எவ்வளவு நெருக்கமானவை என்பது விளங்கும். புளிக்குழம்பு நாட்டின் ஓரத்தில் இருந்துகொண்டு, தென்காசியின் இலை மேற்கையும் தெற்கையும் நோக்கியிருக்கிறது.

குற்றாலத்து விருந்தோம்பல் என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு ரசிகமணி டி.கே.சி. (1882-1954) நினைவு வரும். ராஜாஜியும் கல்கியும் அவரது நண்பர்கள். கம்பனைப் பேசிய அந்த வீட்டின் பந்தியும் புகழ்பெற்றது. பேசியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அத்தகைய வீடுகளில் விடியலில் எழுந்து தேங்காய் துருவிய பெண்களின் பெயர்களோ பதிவாகவில்லை. முதற்பாலை எப்போது விடுவது, எந்தச் சூட்டில் இறக்குவது என்ற நுட்பம் அவர்கள் கைவழியே வந்தது. ஏட்டு வழியே அல்ல.

இன்று சொதி உணவகங்களில் கிடைக்கிறது. தேங்காய்ப்பால் பெட்டியில் வருகிறது. அதில் முதற்பால், இரண்டாம்பால் என்ற பேதமில்லை. உழைப்பு குறைந்ததற்கு நாம் வருந்த வேண்டியதில்லை. அமெரிக்கக் காயை ஏற்ற குழம்பு பெட்டிப்பாலையும் ஏற்கும். ஆனால் அந்தக் கைகளுக்கு உரியவர்கள் சிலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் செய்முறையை மட்டுமல்ல, யாரிடம் கற்றார்கள் என்பதையும் கேட்டு எழுதி வைப்போம்.