உர எச்சப் பயன்

ஒரு பயிருக்கு இட்ட எருவும் உரமும் அறுவடைக்குப் பின்னும் மண்ணில் தங்கி, அடுத்து வரும் பயிர்களின் விளைச்சலை மாற்றுவது உர எச்சப் பயன் எனப்படும். தழைச்சத்து உரத்தின் பெரும்பகுதி இட்ட பருவத்திலேயே பயிரால் உறிஞ்சப்பட்டோ, நீரோடு கீழிறங்கியோ, வளியாகியோ தீர்ந்துவிட, மணிச்சத்து மண்ணோடு பிணைந்து பல ஆண்டுகள் மெல்ல வெளிப்படுகிறது. தொழுவுரம் மட்கும் வேகத்துக்கேற்ப இரண்டாம், மூன்றாம் பயிருக்கும் ஊட்டமளிக்கிறது.

மத்தூர், போச்சம்பள்ளி, ஓசூர் வட்டாரத்து மானாவாரிக் கொல்லைகளில் ஆட்டுக்கிடை மடக்குவதும், ராகியின் ஊடே அவரை விதைப்பதும், எருவை ராகிக்கு இட்டுவிட்டுக் கொள்ளை அதன் மிச்சத்தில் விளைவிப்பதும் பழைய வழக்கம். சாணத்தை வறட்டியாக எரிப்பதால் நிலம் இழப்பதை ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் வோல்க்கர் 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில் விரிவாக எடுத்துரைத்தார்.

முறையான சான்று கோயம்புத்தூரிலிருந்து கிடைக்கிறது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய சோதனைகளின் வழியில், வேளாண் கல்லூரிப் பண்ணையில் 1909இல் நிலையான எருச் சோதனை தொடங்கப்பட்டது. 1925இல் இரண்டாம் தொகுதி சேர்க்கப்பட்டது. தழை, மணி, சாம்பல் ஆகிய சத்துகளைத் தனித்தும் இணைத்தும், தொழுவுரத்தை வேறாகவும் ஒரே பாத்தியில் ஆண்டுதோறும் இட்டுவந்ததால், ஒரு பருவச் சோதனையில் புலப்படாத எச்சம் இங்கே மண்ணில் சேர்ந்து காணத்தக்கதாயிற்று. ஒரு கூடை எருவும் பெறாத ஒப்பீட்டுப் பாத்தியும் இதே கவனத்தோடு பேணப்பட்டுவந்தது குறிப்பிடத்தக்கது. இப்பாத்திகளின் தானியத்தை ஆய்வக உயிரினங்களுக்கு ஊட்டிப் பார்த்த குன்னூர் ஆய்வாளர் ராபர்ட் மக்கேரிசனும் வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்தும், தொழுவுரத்தில் விளைந்தது கூடுதல் ஊட்டமுடையது என 1926இல் எழுதினர். அவ்வாறு விளைந்த விதையே அடுத்த தலைமுறைப் பயிரையும் செழிக்கச் செய்கிறது என விஸ்வநாத்தும் சூரியநாராயணாவும் 1927இல் பதிவு செய்தனர். அவ்வாறாயின் எச்சம் மண்ணோடு நில்லாமல் விதைவழியும் கடப்பதாகக் கொள்ள வேண்டும். இயற்கை வேளாண்மையை ஆதரிப்போர் இதனை இன்றும் சான்றாகக் காட்டினாலும், பிற்கால ஆய்வுகள் அனைத்தும் இதற்கு இசையவில்லையாதலால் முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

கோயம்புத்தூரில் 1972இல் ராகி, மக்காச்சோளச் சுழற்சியிலும், மாநில எல்லைக்கு அப்பால் பெங்களூரில் 1978இல் மானாவாரி ராகியிலும் தொடங்கிய நெடுங்காலச் சோதனைகளில், ஹெக்டேருக்கு 10 டன் தொழுவுரத்தோடு பரிந்துரைத்த உரத்தையும் சேர்த்திட்ட பாத்திகளே விளைச்சலில் முன்னின்றன. தழைச்சத்தை மட்டும் இட்டவை காலப்போக்கில் பின்தங்கின.

மண்ணியலாளர் ராமமூர்த்தி வகுத்து, 1967 முதல் பின்பற்றப்படும் மண் ஆய்வுவழி உரப் பரிந்துரை முறை, முதற்பயிர் விட்டுச்செல்லும் சத்தைச் சமன்பாட்டால் கணித்து அடுத்த பயிரின் உரத்தைக் குறைக்க வழிசெய்தது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டை 12 அளவுகளைத் தெரிவிக்கிறது. அவற்றுள் முன்பு இட்ட எருவின் நெடுநாள் தடத்தை ஓரளவு காட்டுவது கரிமக் கார்பனே.