மாஸ்டா வீடுகளுக்கு நடுவே

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைக்காட்டில் மூன்று ஊர்ச் சாலைகளை 1920களின் தொடக்கத்தில் ஒன்றாகக் கோத்துப் பந்தயப் பாதையாக்கினார்கள். பந்தயத்தன்று போக்குவரத்தை நிறுத்துவார்கள். முடிந்ததும் அது மறுபடி ஊர்க்காரர்களின் சாலை. பழைய ஸ்பா பந்தயப் பாதை அதுதான். பின்னாளில் ஒரு சுற்று சுமார் 14 கி.மீ.

வீடு, கம்பம், வேலி, பள்ளம் எல்லாம் சாலையை ஒட்டியே இருந்தன. நீண்ட நேர்ச்சாலையின் நடுவில், மாஸ்டாவில், வீடுகளுக்கிடையே இடமும் வலமுமாக ஒரு வெட்டு. அங்கே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதா வேண்டாமா என்பதில்தான் ஓட்டுநரின் துணிச்சல் தெரியும். இந்தப் பாதையில் 1960 ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டுநர்கள் கிறிஸ் பிரிஸ்டோவும் ஆலன் ஸ்டேசியும் இறந்தார்கள். 1966-ல் முதல் சுற்றிலேயே மழை. மாஸ்டாவில் தடம் புரண்ட ஜாக்கி ஸ்டூவர்ட், கசிந்த பெட்ரோலில் நனைந்தபடி நொறுங்கிய காருக்குள் சிக்கிக்கொண்டார். மீட்புக் குழு வரவில்லை. தாங்களும் அங்கே சறுக்கிப்போன கிரகாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும், பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பானர் வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றி அவரை வெளியே எடுத்தார்கள்.

1970-க்குப் பிறகு ஃபார்முலா 1 அந்தப் பாதைக்கு வரவில்லை. 1979-ல் 7 கி.மீ.யில் புதிய ஸ்பா வந்தது. மாஸ்டா பக்கம் பழையபடி வெறும் சாலையாயிற்று.

பழைய பாதை மறுபடி பந்தயம் கண்டது 1998-ல், கணினித் திரையில். பாபைரஸ் நிறுவனத்தின் 'கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸ்' விளையாட்டு 1967 பந்தயப் பருவத்தை எடுத்துக்கொண்டது. அதன் மரங்கள் இன்று வெட்டி ஒட்டிய அட்டைகளாகத் தெரியும். ஆனால் மேடும் இறக்கமும் வயிற்றைப் புரட்டும். மாஸ்டா வீடுகள் வந்து நெருக்கும். மோதினால் ஷிஃப்ட்டோடு ஆர் விசையை அழுத்த வேண்டும். கார் சேதமில்லாமல் நிமிர்ந்து நிற்கும்.

பிறகு 'ரேஃபாக்டர் 2' விளையாட்டு 1966-ன் ஸ்பாவைக் கட்டியது. வெவ்வேறு விளையாட்டுகளுக்கு ரசிகர்களும் தங்கள் பங்குக்குச் செய்தார்கள். இப்போதெல்லாம் பந்தயப் பாதையை லேசர் கருவியால் அங்குலம் விடாமல் அளந்துவிடலாம். பழைய பாதைக்கு அது பாதிதான் உதவும்: சாலையின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும், இடித்த கட்டடத்தையும் பிடுங்கிய கம்பத்தையும் சொல்லாது. அதற்குப் பழைய புகைப்படமும் பந்தயப் படச்சுருளும்தான் கதி. வைக்கோல் பொதி எங்கே கிடந்தது, விளம்பரப் பலகை எந்தப் பக்கம் பார்த்தது என்று சட்டகம் சட்டகமாகத் தேட வேண்டும்.

ஆண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலை என்பேன். 1970 பந்தயத்துக்காக ஓரமெல்லாம் இரும்புத் தடுப்பு போட்டார்கள், பாதையின் மால்மெடிப் பகுதியில் வேகத்தைக் குறைக்க ஒரு செயற்கை வளைவும் வைத்தார்கள். அந்த ஆண்டுப் படத்தைப் பார்த்து 1967 பாதையைக் கட்டினால், விபத்துக்குப் பின் பாதுகாப்புக்காக ஸ்டூவர்ட் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 1970-ல் வந்த தடுப்பு, மூன்று ஆண்டு முன்பே முளைத்துவிடும்.