எண்முகியும் இருபதுமுகியும்: ஒழுங்குத் திண்மங்களின் கண்டுபிடிப்பு குறித்த ஒரு மறுபார்வை

முன்னுரை

முகங்கள் யாவும் சர்வசமமான ஒழுங்குப் பலகோணங்களாகவும், ஒவ்வொரு முனையிலும் ஒரே எண்ணிக்கையிலான முகங்கள் கூடுவனவாகவும் அமைந்த குவிந்த திண்மங்களை ஒழுங்குத் திண்மங்கள் என்பர். நான்முகி, கனசதுரம், எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி என அவை ஐந்தே. பிளேட்டோ தமது ‘டிமேயஸ்’ உரையாடலில் நெருப்பு, நிலம், காற்று, நீர் ஆகியவற்றிற்கு முறையே நான்முகி, கனசதுரம், எண்முகி, இருபதுமுகி ஆகிய வடிவங்களை வகுத்துரைத்தார். அதனால் அவை ‘பிளேட்டோவின் திண்மங்கள்’ எனப் பெயர் பெற்றன. எனினும், அவற்றைக் கண்டறிந்தவர் அவரல்லர். ஒரு வடிவத்தைக் ‘கண்டறிதல்’ என்பதன் பொருள் யாது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

பழங்குறிப்பும் அதன் சிக்கலும்

யூக்ளிடின் ‘மூலங்கள்’ நூலின் 13ஆம் பகுதிக்கு எழுதப்பட்ட பழைய குறிப்பொன்று, கனசதுரம், நான்முகி, பன்னிருமுகி ஆகிய மூன்றும் பித்தாகரஸ் மரபினருக்கு உரியன என்றும், எண்முகியும் இருபதுமுகியும் தியேடெட்டஸுக்கு உரியன என்றும் கூறுகிறது. இக்கூற்று முதல் நோக்கில் முரணாகத் தோன்றும். சதுர அடியுடைய இரு பிரமிடுகளை அடியோடு அடி பொருத்தினால் எண்முகி கிடைத்துவிடும். இத்துணை எளிய வடிவம், 12 ஐங்கோணங்களாலான பன்னிருமுகிக்குப் பின்னர் கண்டறியப்பட்டிருக்குமோ?

1972ஆம் ஆண்டு வெளிவந்த தம் கட்டுரையில் வில்லியம் வாட்டர்ஹவுஸ் இதற்கு விடை தந்தார். எண்முகியின் உருவம் முன்பே கண்ணில் பட்டிருக்கலாம். ‘ஒழுங்குத் திண்மம்’ என்னும் பொதுக்கருத்து உருவாகும்வரை அதனைத் தனித்துக் குறிப்பிடக் காரணமில்லை. ஆகவே கண்டறியப்பட்டது உருவமன்று, கருத்தே.

இருபதுமுகியின் சான்று

இக்கருத்திற்கு இருபதுமுகி வலுவூட்டுகிறது. ஒரு முனையில் மூன்று சமபக்க முக்கோணங்கள் கூடினால் நான்முகி, நான்கு கூடினால் எண்முகி, ஐந்து கூடினால் இருபதுமுகி. ஆறு கூடினால் கோணங்களின் கூடுதல் 360 பாகையாகித் தளமாகிவிடும். முனையில் கூடும் முகங்களை எண்ணத் தொடங்கியவருக்கு எண்முகியும் இருபதுமுகியும் ஒரே வினாவின் அடுத்தடுத்த விடைகளாகின்றன. அவ்விரண்டும் ஒருவர் பெயரிலேயே குறிக்கப்பட்டிருப்பது இதனால் பொருள் பெறுகிறது.

மேலும் ஒரு சான்று உண்டு. 20 முகங்களும் 30 விளிம்புகளும் 12 முனைகளும் கொண்ட இத்திண்மத்தைக் கோளத்தினுள் அமைத்துக் காட்டும் யூக்ளிட், கோளத்தின் விட்டம் விகிதமுறுவதாயின் திண்மத்தின் விளிம்பு ‘சிறியது’ எனப்படும் விகிதமுறாக் கோடாகும் என நிறுவுகிறார். இக்கோட்டு வகைகளை விளக்குவது ‘மூலங்கள்’ நூலின் 10ஆம் பகுதி. விகிதமுறாக் கோடுகளை வகைப்படுத்திய முன்னோடியாகப் பண்டைய உரைமரபு போற்றுவதும் தியேடெட்டஸையே.

முடிவுரை

ஸ்காட்லாந்தில் கிடைத்த, புடைப்புகள் செதுக்கப்பட்ட புதிய கற்கால உருண்டைகள் 400க்கும் மேற்பட்டவை. அவற்றுட் சிலவற்றைக் கொண்டு, ஐந்து திண்மங்களும் பிளேட்டோவுக்கு முன்பே அங்கு அறியப்பட்டிருந்தன என வாதிட்டோர் உளர். செதுக்கியோரின் கைத்திறன் ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும், ஒத்த உருவம் கிடைப்பது வேறு. அவ்வுருவங்களை ஒரே வரையறையின்கீழ்த் தொகுத்து, ஆறாவது ஒன்று இயலாது என நிறுவுவது வேறு. அந்நிறுவலோடுதான் யூக்ளிடின் 13ஆம் பகுதி நிறைவுறுகிறது. தொன்மையை நிறுவ முற்படும் ஆய்வாளர் எவரும் பொருட்சான்றையும் கருத்துச்சான்றையும் பிரித்தறிதல் இன்றியமையாதது என்பதே இத்திண்மங்களின் வரலாறு உணர்த்தும் முடிபாகும்.