தலைப்பாகையோடு வந்த பாரிஸ்டர்

பெரியவர் முன் தலைப்பாகையோடு நிற்பதும் செருப்பை வாசலில் விடுவதும் இந்திய மரபு. ஐரோப்பியருக்கோ தொப்பியைக் கழற்றுவதுதான் மரியாதை. பூட்ஸ் காலிலேயே இருக்கும். பிரிட்டிஷ் ஆட்சியில் இவற்றில் எதைக் கடைப்பிடிப்பது என்பதை ஆள்பவர்களே முடிவு செய்தார்கள். 1854இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் அரசு, வங்காளத்தில் ஐரோப்பிய பாணி பூட்ஸ் அணிந்த இந்தியர்கள் அவற்றைக் கழற்றாமலே அரசு நிகழ்ச்சிகளுக்கு வரலாம் என்று அனுமதித்தது. நாட்டுச் செருப்புக்கு அந்தச் சலுகை இல்லை. உத்தியோகத்தில் முன்னேற விரும்பியவர்களுக்கு அதன் பொருள் உடனே விளங்கியிருக்கும்.

இந்த உடை அரசியலை முழுதாகச் சந்தித்தவர் காந்தி. 1888இல் சட்டம் படிக்க லண்டன் சென்ற அவர், பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு மாலை நேர சூட் ஒன்று தைத்துக்கொண்டார். தினமும் பத்து நிமிடம் பெரிய கண்ணாடி முன் நின்று டை கட்டி, தலை வாரியதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1893இல் அவர் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலில் உள்ள டர்பன் சென்றார். சில நாள்களுக்குள் கட்சிக்காரரான தாதா அப்துல்லா சேட்டுடன் நீதிமன்றம் போனபோது, தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார் மாஜிஸ்ட்ரேட். காந்தி மறுத்து வெளியேறினார். முஸ்லிம் உடையில் வருபவர்களுக்குத் தலைப்பாகை வைத்திருக்க அனுமதி உண்டு, மற்ற இந்தியர்களுக்கு இல்லை என்று பிறகு சேட் விளக்கினார். அப்படியென்றால் ஆங்கிலத் தொப்பி போட்டுக்கொள்ளலாமே என்று காந்தி யோசித்தார். அப்படிப் போட்டால் ஓட்டல் பணியாளர் என்றுதான் நினைப்பார்கள் என்று சேட் தடுத்தார். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளான இந்தியக் கிறிஸ்தவர்கள் அங்கே ஆங்கில உடை அணிந்தார்கள். அவர்களில் பலருக்கு ஓட்டல் வேலைதான் பிழைப்பு. லண்டனில் கனவானாக்கிய உடை நேட்டாலில் பணியாளாக்கும். உடையின் மதிப்பு துணியில் இல்லை, அதை அணிபவரை அந்த ஊர் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதில் இருந்தது.

ஆனாலும் உடை சில கதவுகளைத் திறக்கவே செய்தது. அதே ஆண்டு ஜோகனஸ்பர்க்கில் இந்தியர்களுக்கு முதல் வகுப்பு ரயில் டிக்கெட் கிடைப்பது அரிதாயிருந்தது. காந்தி ஃபிராக் கோட்டும் டையும் அணிந்து ஸ்டேஷன் மாஸ்டர் முன் போய் நின்று, பிரிட்டோரியாவுக்கு டிக்கெட் பெற்றார். வழியில் கார்டு அவரை மூன்றாம் வகுப்புக்குப் போகச் சொன்னபோது, உடன் வந்த ஆங்கிலப் பயணி ஒருவர் குறுக்கிட்டதால்தான் அந்த இருக்கை தப்பியது.

1894இல் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றதும், தலைமை நீதிபதி தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். பெரிய போராட்டங்களுக்கு வலிமையைச் சேர்த்து வைக்க எண்ணிய காந்தி இம்முறை கழற்றிவிட்டார். அது சேட்டுக்குப் பிடிக்கவில்லை. தொழிலில் நுழைய காந்தி கொடுத்த விலை அது. சிறிய விலை என்று சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில்தான் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி அவரைத் தேடி வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிந்தது. தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். ஐரோப்பியரைப் பார்க்கப் போகும்போது அப்படிச் செய்ய வேண்டும் என்பது கட்டாயமாகியிருந்ததால், இந்திய வக்கீல் முன்னும் அதே பழக்கம் தொடர்ந்தது. முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாக அவர் எழுதுகிறார். பின்னர் பாலசுந்தரம் வேறு முதலாளியிடம் மாற்றப்பட்டார்.

விடுதலைக்குப் பின் உடையை வரையறுக்கும் அதிகாரம் இந்தியர் கைக்கு வந்தது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் பார் கவுன்சில் வகுத்த விதிகள் கறுப்புக் கோட்டையும் கழுத்துப் பட்டையையும் தொடர்ந்தாலும், பேன்ட்டுக்குப் பதில் வேட்டியையும் அனுமதிக்கின்றன. தமிழ்நாட்டில் 2014இல் வேட்டி அணிந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு சென்னை கிளப் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டதையடுத்து, அத்தகைய தடையைக் குற்றமாக்கும் சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியது. 2019இல் வந்த அரசாணை, தலைமைச் செயலக ஊழியர்களின் அலுவலக உடையாக ஆண்களுக்குச் சட்டையுடன் பேன்ட் அல்லது வேட்டியையும், பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ் அல்லது துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரையும் ஏற்றுக்கொண்டது.