பாலியல் வன்கொடுமை: புகார் கொடுக்காமலே சிகிச்சையும் கவுன்சிலிங்கும் பெற முடியுமா? தொண்டு நிறுவனங்கள் எப்படி உதவுகின்றன?

"போலீஸுக்குப் போகலாமா, வேண்டாமா?" பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒருவரின் வீட்டில் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி இதுதான். மானம், அக்கம்பக்கம், கல்யாணம், கோர்ட் அலைச்சல் என்று பேசிப் பேசியே இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். உடனடியாகக் கிடைக்க வேண்டிய சிகிச்சைக்கான நேரமும் அதோடு கடந்துவிடும்.

ஆனால் புகார் கொடுப்பதும் உதவி பெறுவதும் ஒன்றல்ல. புகார் பற்றி முடிவு எடுக்காத நிலையிலும் சிகிச்சை பெறலாம், கவுன்சிலிங் பெறலாம். எங்கே, எப்படி என்று பார்க்கலாம்.

முதல் 72 மணி நேரம் ஏன் முக்கியம்?

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதை 28 நாட்கள் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையை 5 நாட்கள் வரை எடுக்கலாம் என்றாலும், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அந்த அளவுக்குப் பலன் அதிகம். உடலில், உடையில் இருக்கும் தடயங்களும் நேரம் ஆக ஆக அழிந்துகொண்டே போகும். முடிந்தால் குளிக்காமல், அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல், காகிதப் பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. குளித்துவிட்டாலோ, நாள் கடந்துவிட்டாலோ "இனிமே போய் என்ன பிரயோஜனம்" என்று இருந்துவிட வேண்டாம். சிகிச்சை அப்போதும் தேவை.

மருத்துவமனை மறுக்க முடியுமா?

முடியாது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு. மறுத்தால் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

"எஃப்.ஐ.ஆர். காப்பி இருந்தால்தான் பார்ப்போம்" என்று சொல்லவும் கூடாது. பாதிக்கப்பட்டவர் நேரடியாக வந்தாலும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014-ம் ஆண்டு வழிகாட்டுதல். போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனைக்கு உண்டு. ஆனால் வழக்கு வேண்டாம் என்று பாதிக்கப்பட்டவர் சொன்னால், அதை எழுத்தில் பதிவு செய்துகொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். சிகிச்சை மட்டும் போதும், தடயம் எடுக்க வேண்டாம் என்றும் அவர் சொல்லலாம்.

இரு விரல் பரிசோதனை செய்யக் கூடாது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதைச் செய்பவர்கள் தவறான நடத்தைக்குக் குற்றவாளிகள் ஆவார்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

தொண்டு நிறுவனங்கள் எங்கே வருகின்றன?

மருத்துவர், காவல் அதிகாரி, வக்கீல், நீதிபதி என ஒவ்வொருவரும் அவரவர் வேலையை மட்டும் பார்ப்பார்கள். இந்த எல்லா இடத்துக்கும் கூடவே வர ஒரு ஆள் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தொண்டு நிறுவனங்கள் வந்தன.

மும்பையில் சேஹாத் அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் பாந்த்ராவில் உள்ள பாபா மருத்துவமனைக்குள்ளேயே 'தில்லாசா' என்ற ஆலோசனை மையத்தைத் தொடங்கின. மருத்துவமனைக்குள் இருந்ததால், வன்முறைக்கு ஆளான பெண் வேறு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னையில் 'துளிர்' அமைப்பு 2004 முதல் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமையைத் தடுப்பது, அதிலிருந்து மீள உதவுவது ஆகிய பணிகளைச் செய்துவருகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்கூட 1996-ல் மும்பையில் ஒரு சமூகப்பணித் திட்டமாகத் தொடங்கியதுதான்.

பின்னர் அரசும் இதே வழியில் வந்தது. 2015 முதல் நிர்பயா நிதியில் 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் (ஒன் ஸ்டாப் சென்டர்) செயல்படுகின்றன. மருத்துவ உதவி, போலீஸ் உதவி, சட்ட ஆலோசனை, கவுன்சிலிங், சில நாட்கள் தங்கும் வசதி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். 181-ஐ அழைத்தால் அருகில் உள்ள மையத்துக்கு வழி சொல்வார்கள்.

கவுன்சிலிங்கில் என்ன நடக்கும்?

"நடந்ததை எல்லாம் சொல்லச் சொல்லிக் கிளறுவாங்களோ" என்ற பயம் பலருக்கு உண்டு. நல்ல கவுன்சிலிங் அப்படி இருக்காது. சம்பவத்தை உடனே முழுக்கச் சொல்ல வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றே உலக சுகாதார அமைப்பின் 2013-ம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

முதலில் பேசுவது பாதுகாப்பைப் பற்றித்தான். இன்று இரவு எங்கே தங்கப் போகிறார், தவறு செய்தவர் அதே வீட்டில் இருக்கிறாரா, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு உடலிலும் மனதிலும் என்ன நடக்கிறது என்று விளக்குவார்கள். "நான் ஏன் கத்தல?" என்ற கேள்வி பலரை ஆண்டுக்கணக்கில் குத்திக்கொண்டே இருக்கும். ஆபத்தில் உடல் உறைந்துபோவது இயல்பு, அது சம்மதம் ஆகாது என்று ஒருவர் எடுத்துச் சொல்வதே பெரிய ஆறுதல்.

தூக்கமின்மை, திடுக்கிடல், காட்சி திரும்பத் திரும்ப வருவது எல்லாம் பலருக்குச் சில வாரங்களில் குறையும். குறையாவிட்டால், அதிர்ச்சிக்கான சிறப்பு சிகிச்சைக்கு மனநல நிபுணரிடம் அனுப்புவார்கள்.

புகார் கொடுக்கலாமா என்ற முடிவை ஆலோசகர் எடுக்க மாட்டார். கொடுத்தால் என்ன நடக்கும், கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று இரண்டையும் சொல்வார். ஒருவரின் சம்மதம் இல்லாமல் நடந்த குற்றம் இது. அதனால் அடுத்து வரும் ஒவ்வொரு முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும்.

ரகசியம் காக்கப்படுமா?

பாதிக்கப்பட்டவரின் பெயர், அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், தெரிந்த எவரும் தகவல் தர வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். ஆலோசகரும் இதற்கு விலக்கல்ல. எனவே நல்ல ஆலோசகர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். போக்சோ வழக்கில் விசாரணை முடியும் வரை குழந்தைக்குத் துணை நிற்க 'ஆதரவு நபர்' ஒருவரை குழந்தைகள் நலக் குழு நியமிக்கும். போக்சோ சட்டம் ஆண் குழந்தைகளுக்கும் பொருந்தும்.

வக்கீல் செலவு, இழப்பீடு?

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018-ம் ஆண்டு திட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு குறிக்கப்பட்டுள்ளது. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"ஏன் அந்த நேரத்துல அங்க போன?", "யார்கிட்டயும் சொல்லிடாத" என்ற இரண்டையும் தவிர்த்தாலே பாதி உதவி. "நீ சொல்றதை நம்புறேன். உன் மேல தப்பு இல்ல. இப்ப உனக்கு என்ன வேணும்?" இந்த மூன்றும் போதும். மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். அவர் கேட்காமல் மற்றவர்களிடம் சொல்லாதீர்கள்.

உதவி எண்கள்:

அவசரம்: 112
பெண்கள் உதவி: 181
குழந்தைகள் உதவி: 1098
இலவச சட்ட உதவி: 15100
மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416